நாலாம் சிம்பொனியின் நீண்ட ஓய்வு

இதை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்களிடம் நேராகக் கேட்டதும் இல்லை. பெருந்துறைக்குப் பக்கத்தில் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்கு நான் சேர்ந்தபோது, எதிர் மேசையில் துணி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த சுலோச்சனா எனக்குச் சொன்னது. சுலோச்சனாவுக்கு அவளுடைய அம்மா சரசு சொன்னது. எங்கள் மூவரில் சரசு மட்டும்தான் அன்றைக்கு அந்த வீட்டுக்குள் நின்றவர். இரண்டு வாய் மாறி வந்திருப்பதால் சில இடங்களில் மிகை இருக்கலாம். சரிபார்க்க முடிந்ததைச் சரிபார்த்தேன். முடியாததைச் சுலோச்சனா சொன்னபடியே வைத்திருக்கிறேன்.

ஊஞ்சமேட்டில் அந்தக் காலத்தில் நாலாயிரம் விசைத்தறிகள் ஓடின. வீட்டுக்குப் பின்னால் நாலு, முன்னால் நாலு, சாமியறையை ஒட்டி இரண்டு என்று தறி இல்லாத வீடே கிடையாது, ஒரு ஷிப்டுக்காரர் இறங்கும்போதே அடுத்த ஷிப்டுக்காரர் ஏறிவிடுவார், ஞாயிற்றுக்கிழமை மதியம் எண்ணெய் போடுவதற்காக நாலு மணி நேரம் நிறுத்தினால் அந்த நாலு மணி நேரமும் எல்லா வீட்டு ரேடியோவும் சேர்ந்து பாடும், வெளியூரில் வாக்கப்பட்டுப் போன பெண்கள் அங்குள்ள அமைதியில் தூக்கம் வராமல் ஆறு மாதத்தில் இளைத்துப்போவார்கள். மற்ற ஊர்களில் ரகசியம் சொல்ல காதருகே குனிவார்கள். ஊஞ்சமேட்டில் ரகசியத்தையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். ஒரு கை தூரத்துக்கு அப்பால் எதுவும் கேட்காது என்பதால் யாரும் அஞ்சியதில்லை.

அந்த ஊரில் ஒரு பேண்டு செட் இருந்தது. அதன் தலைவர் சவரிமுத்து, ராணுவ பேண்டில் பதினேழு வருடம் கிளாரினெட் வாசித்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர், ஊரில் எல்லோருக்கும் மாஸ்டர். இரண்டாவது கிளாரினெட் குப்புராசு, தறி ஓட்டிக்கொண்டிருந்தவரை மாஸ்டர் பிடித்துவந்து பழக்கியது. ராணுவத்திலிருந்து திரும்பும்போது மாஸ்டர் ஒரு தகரப் பெட்டியும் மூன்று நோட்டும் கொண்டுவந்திருந்தார். அங்கே ஒரு பழைய அலமாரியில் சைக்கோவ்ஸ்கி என்ற ரஷ்யர் நூறு வருடத்துக்கு முன்பு எழுதிய நாலாம், ஐந்தாம், ஆறாம் சிம்பொனிகளின் தாள்கள் இருந்தனவாம். கறையான் தின்றது போக எஞ்சியது கிளாரினெட்காரர்கள் வாசிக்க வேண்டிய தாள்கள் மட்டும். அவற்றை அவர் தன் கையாலேயே நோட்டில் எழுதிக்கொண்டார். மற்ற வாத்தியங்கள் என்ன வாசிக்கும் என்று அவருக்குத் தெரியாது. அந்த மூன்றில் ஒன்றையும் அவர் முழுதாகக் கேட்டதில்லை.

பத்து மாதம் கல்யாணம், சீர், காதுகுத்து, சாவு என்று பேண்டு ஓயாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. செட்டில் மற்றவர்கள் அந்த இரண்டு மாதமும் தறிக்குப் போய்விட, மாஸ்டரும் குப்புராசுவும் மாலை மூன்று மணிக்குக் கூட்டுறவுச் சங்கக் கிடங்கின் மொட்டைமாடியில் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரஷ்யாக்காரரை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாசிப்பார்கள். எங்கே நூறு பேர் சேர்ந்து வாசிக்கும்போது கிளாரினெட் சும்மா இருக்க வேண்டுமோ அங்கே தாளில் கோடு போட்டு இத்தனை தாளக்கட்டம் ஓய்வு என்று எண் எழுதியிருக்கும். அந்த ஓய்வையும் அவர்கள் விடாமல் எடுத்தார்கள். கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கட்டத்துக்கு இரண்டு தட்டாக, ஒன்று-இரண்டு, இரண்டு-இரண்டு, மூன்று-இரண்டு என்று கட்டங்களை வாய்க்குள் எண்ணி, எண் முடிந்ததும் மீண்டும் வாசிப்பார்கள். கீழே நாலாயிரம் தறி ஓடும்போது மாடியில் இருவர் வாசிக்கிறார்களா எண்ணுகிறார்களா என்று யாருக்கும் தெரியாமல் மூன்று ஆடி, மூன்று மார்கழி போனது.

நாலாவது ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஐந்தாம் சிம்பொனியில் எட்டுக் கட்ட ஓய்வு ஒன்றில், ஊரின் தறிச் சத்தம் நின்றது. தறி நிற்கவில்லை. குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது, பலகை முன்னும் பின்னும் ஆடியது, துணி சுற்றிக்கொண்டே போனது, சத்தம் மட்டும் இல்லை. காக்கை கத்தியது கேட்டது. கிணற்றில் வாளி மோதியது கேட்டது. சரசுவின் எதிர்வீட்டுப் பெண் தன் தங்கையிடம் தறிக்கு மேலாகக் கத்திக்கொண்டிருந்த வாக்கியத்தின் பின்பாதி ஊர் முழுக்கக் கேட்டது: "…பல்லு செட்டைக் கழட்டி ஊறுகா ஜாடி மேலயே வெக்கிதுடி, நானு எப்புடி அந்த ஊறுகாயத் திங்கறது?"

பிறகு எட்டுக் கட்டம் முடிந்தது, கிளாரினெட் ஒலித்தது, சத்தம் திரும்பியது. அந்தப் பெண்ணின் மாமியார் நாலு நாள் மகள் வீட்டில் போய் இருந்தார்.

மறுநாள் ஆறாம் சிம்பொனியில் நாலு இடத்தில் அப்படி ஆனது. மூன்றாம் நாள் வாசிக்கவில்லை, ஆகவில்லை. நாலாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் மாடியேறி, ஐந்தாம் சிம்பொனியில் அந்த எட்டுக் கட்டத்தை மட்டும் எடுத்துக் காட்டச் சொன்னார்கள். இருவரும் கிளாரினெட்டை மடியில் வைத்து எட்டுவரை எண்ணினார்கள். தறி தன்பாட்டுக்குச் சத்தம் போட்டது. ஆரம்பத்திலிருந்து வாசித்துக்கொண்டு வந்து அந்த இடத்தை அடைந்தபோது சத்தம் நின்றது. எழுதிவைத்த ஓய்வுக்குத்தான் தறி கட்டுப்படுகிறது, நாமாக எடுக்கிற ஓய்வுக்கு இல்லை என்று பெரியவர்கள் முடிவு செய்து, வந்த காரியம் முடிந்ததால் இறங்கிப்போனார்கள். ஏன் என்று கேட்டதாகச் சுலோச்சனா சொல்லவில்லை. கேட்டிருந்தால் சரசு சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

ஊர் அதன்பின் செய்ததெல்லாம் ஓய்வுகளை மனப்பாடம் செய்ததுதான். மூன்று மணிக்குமேல் ரகசியம் பேச நினைத்தவர்கள் முதலில் மாடியைக் கவனித்தார்கள். பெண்கள் ஊடைக்கு, அதாவது குறுக்கிழைக்கு, நூல் சுற்றிக்கொண்டே கட்டம் எண்ணினார்கள். பள்ளிக்கூட வாத்தியார் சொல்வதெழுதுதலை ஆறாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதிக்கு மாற்றினார். எதிரெதிர் வீட்டில் எட்டு வருடமாகப் பேச்சில்லாமல் இருந்த அண்ணனும் தம்பியும், ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தது இருவருக்கும் தெளிவாகக் கேட்டுவிட்டதால், பேச ஆரம்பித்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். தறி ஓட்டியே காது மந்தமாகிப்போன ஒரு கிழவர் மட்டும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, இதெல்லாம் கட்டிவிடுகிற கதை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரை யாரும் மறுக்கவில்லை.

தொல்லை துணியில் வந்தது. தறிக்காரர் ஒருவர் ஆறு தறியைப் பார்ப்பார். ஆறையும் கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான் பார்ப்பார். முதுகுப் பக்கத் தறியில் ஊடை அறுந்தால் சத்தம் மாறும், திரும்பாமலே கை போய்விடும். ஓய்வு வந்தால் முதுகு குருடாகிவிடும். ஈரோட்டு வியாபாரி துணியை மேசையில் விரித்தபோது நாலு விரல், ஒரு விரல், எட்டு விரல் என்று ஒழுங்கான இடைவெளியில் ஊடை இல்லாத பட்டைகள் இருந்தன, எந்தப் பட்டறைத் துணியை எடுத்தாலும் ஒரே இடத்தில். தறி உரிமையாளர் சங்கம் கூடி மாஸ்டரை அழைத்தது.

"நீங்க வாசிக்கறதுல எங்களுக்கு வருத்தமில்லீங் மாஸ்டர். வாசிக்காம இருக்கறதுலதான் வருத்தம்" என்றார் சங்கத் தலைவர்.

"அதுவும் வாசிக்கறதுதானுங்க."

"அந்த எடத்தையெல்லாம் தூர்த்துப்போட்டு ஒரேடியா ஊதுனா என்னுங்?"

"அதுக்குப் பேரு கல்யாண பேண்டுங்க. அதைத்தான் பத்து மாசம் ஊதறோம்."

கடைசியில், இன்றைக்கு எத்தனையாவது சிம்பொனி என்று டீக்கடைப் பலகையில் சாக்கட்டியால் எழுதிவிட வேண்டும், எண் தெரிந்தால் ஓய்வு வரும் நேரம் தெரியும், அந்த நேரத்தில் தறிக்காரர்கள் தறிப்பக்கம் திரும்பி நின்று கண்ணால் பார்த்துக்கொள்வார்கள் என்று முடிவானது. எண் எழுதும் வழக்கத்தால் டீக்கடையில் எது நல்ல சிம்பொனி என்ற சச்சரவும் தொடங்கியது. ஓய்வுகள் குட்டையாக, சொன்ன நேரத்துக்கு வருவதால் பெண்களுக்கு ஐந்து பிடித்தது. தறிக்காரர்களுக்கு ஆறு. வாசிப்பவர்களைக் கேட்டார்கள்.

"அஞ்சுதான்" என்றார் மாஸ்டர். "எடுத்ததும் பாட்டை நம்ம ரெண்டு பேரு கையில குடுத்துடறான். கீழ்ச்சுரத்துல, மெதுவா. அத்தனை வாத்தியத்தை வெச்சுக்கிட்டு கிளாரினெட்காரனை நம்பி ஆரம்பிச்ச மனுசன் அவன்."

"எனக்கு ஆறுங்க" என்றார் குப்புராசு. "ஒரு எடத்துல சத்தத்தைக் கம்மி பண்ணீட்டே போகோணும். ஊதறவனுக்கே நாம ஊதறமா இல்லியான்னு சந்தேகம் வர்ற வரைக்கும்."

"நாலு?"

இருவரும் டீயைக் குடித்தார்கள். பிறகு மாஸ்டர் சொன்னார். "அதுல ஆரம்பத்துலயே நம்மளை உக்கார வெச்சுட்டு வேற யாரோ ஊதறான். யாருன்னுகூடத் தெரியாது. மூணாம் பகுதில நூத்திமுப்பது கட்டத்துக்கு மேல கையைக் கட்டீட்டு உக்காரோணும். விருந்துக்குக் கூப்புட்டு எலையப் போடாத மாதிரி."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஒன்றரை நிமிடத்துக்கும் மேலான ஓய்வு ஒன்று நோட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும் ஊருக்கு ஆசை வந்துவிட்டது. அந்த மார்கழி முழுக்க, நாலு எப்போது, நாலு எப்போது என்று கேட்டுக் கேட்டு, மார்கழி கடைசி வாரத்தில் பலகையில் நாலு என்று எழுதவைத்துவிட்டார்கள்.

மூன்றாம் பகுதி வந்தது. ஊர் அமைதியானது. பத்துக் கட்டம்வரை எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். முப்பதுக்குமேல் சிரிப்பு நின்றது. அவரவர் மூச்சு அவரவருக்குக் கேட்டது. அடுத்த தெருவில் யாரோ நெல் புடைப்பது கேட்டது. தொண்ணூறைத் தாண்டியபோது மாடியில் குப்புராசுவின் கிளாரினெட்டில் ஊதும் முனையில் இருக்கும் நாணல் சீவல், ரீடு, காய்ந்துபோயிருந்தது. இவ்வளவு நேரம் வாசிக்காமல் இருந்தால் காயும். காய்ந்த ரீடு கீச்சிடும். ஈரப்படுத்தத்தான் அவர் கிளாரினெட்டை உதட்டுக்குக் கொண்டுபோனார். மாஸ்டர் கடைக்கண்ணால் அதைப் பார்த்தார். குப்புராசு நுழைகிறார், நான்தான் எண்ணிக்கை தப்பிவிட்டேன் என்று நினைத்து, மாஸ்டரும் எடுத்து ஊதிவிட்டார்.

முப்பது நாற்பது கட்டம் முன்கூட்டியே. சத்தம் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. அதுவரை வராமல் நின்ற அத்தனை சத்தமும் ஒன்றாக வந்தது. பல வீடுகளில் ஓடுகள் சரிந்தன, பதினொரு தறியில் நாடா தெறித்தது, ஒருவருக்கு முன்பல் இரண்டு போனது. நல்லசிவத்தின் மனைவி பூங்கோதை, இரண்டாவது முறை கர்ப்பமாகி ஆறு மாதம், தறியருகே நின்றவள் பின்னால் சாய்ந்து விழுந்தாள். பிள்ளை மூன்றாம் நாளுக்குமேல் தங்கவில்லை.

துணை சுகாதார நிலைய நர்ஸ் ரெஜினா மாஸ்டர் வீட்டுக்கே போய்ச் சொன்னார். "இவளுக்கு முதல் புள்ளையும் இப்படித்தான் போச்சு, அன்னைக்கு எந்தச் சத்தமும் இல்லை. கர்ப்பப்பை வாய் பலவீனம். உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை மாஸ்டர்."

மாஸ்டர் தலையாட்டினார். நாலாம் நோட்டைப் பாவு நூலால் சுற்றிக் கட்டிப் பரண்மேல் போட்டார். நல்லசிவமோ பூங்கோதையோ அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழியில் பார்த்தால் நல்லசிவம் முன்போலவே வணக்கமுங் மாஸ்டர் என்பார். அதனால் மாஸ்டர் கொஞ்ச நாள் சுற்றுவழியில் போனார்.

மறு வருடம் பூங்கோதை மூன்றாவது முறை உண்டானாள். ஈரோட்டு டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தி, பிள்ளை பிறக்கும்வரை இறங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். நாலு மாதம் அவள் அப்படியே கிடந்தாள். பக்கத்து வீட்டுச் சரசு தலை சீவிவிட்டார், சோறு ஊட்டினார், தறிக்கு மேலாகக் கத்தி ஊர்க்கதை சொன்னார். எட்டாம் மாதம் ஆடி பிறந்தது.

ஆடியில் ஒரு புதன்கிழமை காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. பதினொரு மணிக்குச் சரசு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்துப் பார்த்தார். ஒன்றரை மணிக்கு நல்லசிவம் சைக்கிளில் போய் நர்ஸம்மாவைக் கூட்டிவந்தார். ரெஜினா பையிலிருந்து, வயிற்றில் ஒரு முனையும் காதில் ஒரு முனையும் வைத்துக் கேட்கிற அலுமினியக் குழலை எடுத்து வைத்தார். காதை வைத்தால் வயிற்றுக்குள்ளும் தறி ஓடியது. இடம் மாற்றி வைத்தார், அங்கும் ஓடியது.

"இதயம் நல்லா அடிச்சா இங்கயே அசையாமக் கெடக்கட்டும்" என்று நல்லசிவத்தின் காதில் கத்தினார். "மெதுவா அடிச்சா இப்பவே ஈரோடு போகணும். எதுன்னு தெரியாம நான் எப்படிச் சொல்ல? பத்தொம்பது கிலோமீட்டர், அந்த ரோட்டுல ஆட்டோவுல போட்டா தையல் நிக்காது. நல்லாருக்கற புள்ளையையும் நாமளே எறக்கிருவோம்."

"நான் என்னுங் பண்ணட்டும்?"

"ஒரு நிமிசம். ஒரே ஒரு நிமிசம் இந்தச் சத்தம் இல்லாம வேணும்."

எப்போதாவது வரும் மின்வெட்டும் அன்றைக்கு வரவில்லை. நல்லசிவம் முதல் பட்டறைக்காரரிடம் போனார். நான் நிறுத்தறேன், எதிர்வீட்டுக்காரன் நிறுத்தட்டும் என்றார் அவர். எதிர்வீட்டுக்காரர், தெருக்கோடியில் பன்னிரண்டு தறி வைத்திருப்பவர் நிறுத்தினால் தானும் நிறுத்துவதாகச் சொன்னார். இப்படி ஏழு பேரிடம் போனார். ஏழாவது ஆள், முதல் பட்டறைக்காரர் நிறுத்தினால் மறுபேச்சு இல்லை என்றார். எல்லோரும் வருத்தத்தோடுதான் சொன்னார்கள்.

அங்கிருந்து நேராக மாஸ்டர் வீட்டுக்குப் போனார். மாஸ்டர் வாசலில் ரீடு சீவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங் மாஸ்டர், நாலை வாசிக்கோணுமுங்."

மாஸ்டர் சீவுவதை நிறுத்தவில்லை. "அஞ்சு வாசிக்கறேன். அதுலயும் ஓய்வு இருக்குது."

"நர்ஸம்மா ஒரு நிமிசம் கேக்கறாங்க. அஞ்சுல அத்தனை இல்லீங்."

"எனக்கு எண்ணிக்கை தப்புது நல்லசிவம்."

"தெரியுமுங்."

"மறுக்காத் தப்புனா?"

நீங்கள்தான் காரணம் என்று நல்லசிவம் ஒரு தடவையாவது சொல்லியிருந்தால், அதனால்தான் வேண்டாம் என்கிறேன் என்று மாஸ்டர் சொல்லியிருக்கலாம். சொல்லாதவரிடம் அந்தப் பதிலும் செல்லாது. மாஸ்டர் எழுந்து பரணிலிருந்து நோட்டை இறக்கினார். முடிச்சு அவிழவில்லை. ரீடு சீவும் கத்தியால் அறுத்தார்.

டீக்கடைப் பலகையில் நாலு என்று எழுதினார்கள். ஊர் படித்தது. பூங்கோதைக்காக என்று பலகையைப் பார்க்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஓடு சரிந்த வீட்டுக்காரர்கள் ஓட்டுக்குக் கீழே இருந்த பாத்திரங்களை எடுத்து உள்ளே வைத்தார்கள்.

மாடிக்குப் போகாமல், பூங்கோதையின் ஜன்னலுக்கு வெளியே சந்தில் இரண்டு ஸ்டூல் போட்டு வாசித்தார்கள். தொடக்கத்திலேயே வரும் சிறிய ஓய்வில் தறிச் சத்தம் நின்றதும் ரெஜினா குழலை வைத்தார். தேடுவதற்குள் ஓய்வு முடிந்தது. அடுத்ததிலும் அப்படியே. முதல் பகுதி முடிய கால் மணி நேரத்துக்கும் மேல் ஆனது, இரண்டாம் பகுதி அதற்குமேல் ஒரு பத்து நிமிடம், பிள்ளை அசையவில்லை, பூங்கோதை கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். இரண்டாம் பகுதி முடியப்போகிறபோது அவள் சரசுவின் கையைப் பிடித்து இழுத்துக் காதில் கத்தினாள்.

"போன தடவை நாலை வாசிச்சாங்கல்லக்கா. எல்லாரும் கெட்டதையே பேசறாங்க. கடைசில அப்புடி ஆகற வரைக்கும் எத்தனை நல்லாருந்துச்சு தெரியுமா."

வெளியே குப்புராசு தன் கிளாரினெட்டைத் தரையில் துண்டு விரித்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டார்.

"என்னடா?"

"நான் வரலீங் மாஸ்டர். என்னைப் பாக்காதீங்க. நீங்க மட்டும் போங்க."

மூன்றாம் பகுதி. எழுதிவைத்த ஓய்வு வந்தது, தறிச் சத்தம் நின்றது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நாலாயிரம் தறியும் சத்தமில்லாமல் ஓட, அவற்றின் முன்னால் தறிக்காரர்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றார்கள், தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தைக் கீழே வைக்கப் பயந்து இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள், காது மந்தமான கிழவர்கூட மற்றவர்களின் வாயைப் பார்த்துத் தன் வாயை மூடிக்கொண்டார். மாஸ்டர் கால்விரலால் தட்டி எண்ணினார். ஒன்று-இரண்டு, இரண்டு-இரண்டு. ரெஜினா தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் வைத்தார், இல்லை. வலப்பக்கம் வைத்தார், அவருடைய சொந்த நாடிதான் கேட்டது. மாஸ்டர் இருபதைக் கடந்தார். பயத்தில் வேகமாக எண்ணிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவில்லை. ரெஜினா குழலை விலாவுக்குப் பக்கத்தில் மேலே கொண்டுபோனார், பிள்ளை புரண்டு தலை மேலே இருக்குமோ என்று. முப்பது. முப்பத்தைந்து. சரசு கால்மாட்டுச் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார், அதைப் பிடிக்க வேண்டிய தேவை ஒன்றும் இல்லை என்று பிற்பாடு சொன்னார்.

நாற்பதாம் கட்டத்தில் ரெஜினாவின் முகம் அசையாமல் நின்றது. காது குழலில் இருந்தது, கண் இடக்கைக் கடிகாரத்தில் இருந்தது, வலக்கை சும்மா இருந்தது. அந்தக் கையின் ஆள்காட்டி விரல் ஜன்னல் கம்பியில் தட்ட ஆரம்பித்தது. எண்ணுவதற்காகத்தான் தட்டினார், யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. ஆனால் ஊரில் வேறு சத்தம் இல்லாததால் அது சந்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கடைசிப் பட்டறைவரை கேட்டது.

மாஸ்டருக்கும் கேட்டது. தன் கால்விரல் அதைவிட அவசரமாக ஓடுவதை அப்போதுதான் கண்டார். காலை நிறுத்தினார். ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டுக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டார். நாற்பத்திரண்டு-இரண்டு, நாற்பத்துமூன்று-இரண்டு. அதற்குமேல் அவர் எண்ணவில்லை, தட்டுவதுதான் எண்ணியது என்று சரசு சொன்னார். வெளியே இருந்தவரின் மனசுக்குள் நடந்தது உள்ளே இருந்தவருக்கு எப்படித் தெரியும் என்று நான் சுலோச்சனாவைக் கேட்டேன், அவள் துணியை அடுத்த மடிப்புக்கு இழுத்தாள். ரெஜினாவின் ஒரு நிமிடம் முடிந்தது. விரல் நிற்கவில்லை. நூறு, நூற்றுப்பத்து, நூற்றிருபது என்று தெருவே உதடசைத்தது. குப்புராசு கண்ணை மூடிக்கொண்டு கைமேல் உட்கார்ந்திருந்தார். கடைசிக் கட்டம் முடிந்து, மாஸ்டர் கிளாரினெட்டை எடுத்து நாக்கால் ரீடை நனைத்து, அவர் மட்டும் நுழைந்தார்.

சத்தம் ஒன்றாக வரவில்லை. வடக்குத் தெருவில் ஒரு தறி கேட்டது, பிறகு அதன் பக்கத்துத் தறி, பிறகு ஒரு பட்டறை, ஷிப்டு ஏறுவதுபோல ஒவ்வொன்றாக ஏறி, ஊர் பழைய சத்தத்துக்கு வந்தது. ஆகவே ரெஜினா சொன்னதை மீண்டும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நூத்தி நாப்பத்திரெண்டு. ஒழுங்கா அடிக்குது. தலை மேல இருக்கு, அவ்வளவுதான். ஈரோடு வேண்டாம். அசையாமக் கெட அம்மிணி."

"என்னுங் சொல்றாங்க?" என்றாள் பூங்கோதை.

சரசு அவள் காதில் வாயை வைத்துச் சொன்னார். பூங்கோதை அழுதது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, சரசு பார்த்ததுதான். நல்லசிவம் வெளியே வந்து மாஸ்டர் முன்னால் நின்றார். மாஸ்டர் வாசித்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த பகுதியையும், நாலாம் பகுதி முழுவதையும் முடித்துவிட்டுத்தான் இருவரும் எழுந்தார்கள்; ஊருக்காக ஊதுவதைப் பாதியில் விட்டு எழலாம், ரஷ்யாக்காரர் எழுதியதை விட முடியாது என்றார் குப்புராசு.

தறிப்பக்கம் திரும்பி நின்ற தறிக்காரர்கள் தறியைப் பார்க்கவில்லை என்பது ஈரோட்டில் தெரிந்தது. அன்றைய துணியில், எந்தப் பட்டறைத் துணியை எடுத்தாலும், ஒரே இடத்தில் ஒரு சாண் அளவுக்கு ஊடை இல்லை. வியாபாரி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். அந்த வருடம் ஊஞ்சமேட்டில் எல்லா வீட்டுத் தலையணை உறையிலும் நடுவில் ஒரு சாண் ஊடையில்லாப் பட்டை இருந்தது. ஆவணி கடைசியில் பூங்கோதைக்கு ஈரோட்டில் பெண் பிறந்தது, கால் முதலில் வந்ததால் அறுத்து எடுத்தார்கள், இரண்டே கால் கிலோ.

டீக்கடையில் மாஸ்டரை மறுபடி கேட்டார்கள், இப்போது உங்களுக்கு எது பிடித்தது, நாலுதானே என்று.

"அஞ்சுதான்" என்றார் மாஸ்டர். "நாலுங்கறது வேலை. அது வேற."

ஆனால் அதன்பின் வந்த ஒவ்வொரு ஆடியிலும் எட்டாம் மாதக்காரிகள் யாராவது இருந்தால் பலகையில் நாலு எழுதப்பட்டது. ரெஜினாவுக்கு மாற்றல் வந்த பிறகும், சத்தத்துக்கு நடுவிலும் கேட்கிற கருவி சுகாதார நிலையத்துக்கு வந்த பிறகும் எழுதப்பட்டது. மாஸ்டர் 2009இல் இறந்தார் என்று சுலோச்சனா சொன்னாள். இப்போது அங்கே நாடா இல்லாத புதுத் தறிகள். சத்தம் வேறு மாதிரி. யாரும் வாசித்துப் பார்க்கவில்லை.

நான் சரிபார்த்தவை இரண்டு. ஊஞ்சமேடு துணை சுகாதார நிலையத்தில் பழைய பதிவேட்டை எடுத்துக்காட்டினார்கள். அந்த ஆடிப் புதன்கிழமை தேதியில் பூங்கோதை, கணவர் நல்லசிவம், எட்டு மாதம், சிசு இதயத் துடிப்பு 142, சீர் என்று நீல மையில் இருக்கிறது. குறிப்பு என்ற இடம் காலியாக இருக்கிறது.

பிறகு நாலாம் சிம்பொனியின் ஒலிப்பதிவு ஒன்றைத் தேடிக் கேட்டேன். மூன்றாம் பகுதியில் கிளாரினெட் சும்மா இருக்கும் அந்த இடத்தில் உண்மையில் ஓய்வு இல்லை. வயலின் தொடங்கி ஆளுயர பாஸ்வரை தந்தி வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் வில்லை வைத்துவிட்டு, விரலாலேயே தந்தியைச் சுண்டிச் சுண்டி வாசிக்கிறார்கள். வேறு எந்த வாத்தியமும் கூடச் சேரவில்லை. ஊஞ்சமேட்டில் இது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்தச் சுண்டலின் தாளத்தை, கட்டத்துக்கு இரண்டு தட்டாக, மூன்று முறை எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்று ஐம்பது, ஒன்றிரண்டு கூடவோ குறைவாகவோ வந்தது. பதிவேட்டில் இருக்கும் இதயத் துடிப்பைவிட எட்டு அதிகம்.